நடந்தால் முப்பத்தைந்து நாள்

நெப்ராஸ்கா
செப்டம்பர் 14

அன்புள்ள மார்லிஸ் கண்ணு,

என் முழங்கால் வலியைச் சேர்க்காவிட்டால் நாங்கள் இருவரும் சுகம். அலாஸ்காவில் மழை விட்டதா, ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்ற நினைப்போடுதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே மக்காச்சோளம் காய்ந்து நிற்கிறது, அடுத்த வாரம் அறுவடை. கசகசா வைத்துக் கொலாச்சி பன் சுட்டேன், உனக்கும் அனுப்புகிறேன், வந்து சேர்வதற்குள் கல்லாகியிருந்தால் காப்பியில் முக்கித் தின்றுகொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், பதறாதே, எல்லாம் முடிந்து மூன்று வாரமாகிறது. நீ அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தாயே, விமானிகள் கையில் வைத்துக்கொள்ளும் வழிகாட்டி ஜிபிஎஸ் பெட்டி, நாற்பது வருஷமாகத் தண்டவாளத்தையும் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரையும் பார்த்துப் பறக்கிறவனுக்குப் பொம்மை எதற்கு என்று அவர் அதை அலமாரியில் தள்ளியதும், உன் பேச்சுக்கு மதிப்பில்லை என்று நீ கோபித்துக்கொண்டு போனதும், இரண்டு வருஷமாக அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசாததும் என் நெஞ்சில் முள்ளாகவே கிடக்கிறது. பிடிவாதத்தில் இருவரும் ஒரே அச்சு. அவருக்குத் தெரியாமல் அதை எடுத்து என் பையில் பின்னல் நூலுக்கு அடியில் வைத்திருந்தேன், பேட்டரியும் புதிதாகப் போட்டு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நம் சின்ன விமானத்தில் பான்கேக் விருந்துக்குப் போனோம், சுற்றுவட்டாரத்து விமானிகளெல்லாம் பறந்து வந்து தின்றுவிட்டுப் பறந்து போவார்களே, அதுதான். திரும்பும்போது கனடாவில் காடு எரிந்த புகை வந்து மூடிவிட்டது. மேலும் கீழும் ஒரே வெள்ளை, பாலுக்குள் மிதக்கிற மாதிரி, எஞ்சின் சத்தம்கூட எங்கேயோ தூரத்தில் கேட்பது போல, உண்மையைச் சொன்னால் கொஞ்ச நேரம் எனக்குச் சுகமாகவே இருந்தது. அப்பாவோ மடியில் இருந்த வரைபடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். புகைக்கு நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, அதை இரண்டு சுற்றுச் சுற்றினார், என்ன ஊர் என்று கேட்டால் கண்ணை இடுக்கிக்கொண்டு மூன்றாவது சுற்றுக்குத் திருப்பினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த மனிதருக்கு எழுத்து கண்ணில் படவே இல்லை. பெட்ரோல் முள்ளோ அடியில் கிடக்கிறது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று பையிலிருந்து பெட்டியை எடுத்து, பக்கத்து விமானத் தளங்களைக் காட்டும் பொத்தானை அழுத்தினேன்.

முதலில் வந்தது நாலு மைலில் ஒரு புல்தரை ஓடுதளம். போய்ப் பார்த்தால் ஆளுயரச் சோளம், நடுவில் காற்றின் திசை காட்டும் கம்பம் மட்டும், அதிலும் துணியில்லை. அலமாரியில் கிடந்த பெட்டிக்குத் தெரிந்தது நீ வாங்கிய நாளில் இருந்த உலகம்தானே, அதற்குப் பிறகு எவரோ உழுதுவிட்டதை அதற்கு யார் சொன்னார்கள். திட்டப்போகிறார் என்று பார்த்தேன், அவர் மெதுவாக, "அடுத்ததப் படி வெர்னா. எனக்குக் கண்ணு தெரியல" என்றார். நாற்பத்துநாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் நான் கேட்டதில்லை. அடுத்தது ஒன்பது மைல். திசையையும் மைலையும் நான் படிக்கப் படிக்க அவர் திருப்பினார், இரண்டு மைல் இருக்கும்போது திரை விலகின மாதிரி ஓடுதளம் வந்தது. தரையிறங்கி எஞ்சினை அணைத்துவிட்டு என் கையிலிருந்த பெட்டியை வாங்கிச் சட்டையில் துடைத்தார். பிறகு, "குட்டி சரியாத்தான் வாங்கிக் குடுத்திருக்கா" என்றார். நான் அழுதுவிட்டேன்.

இரண்டு கண்ணிலும் புரையாம், ஒன்றுக்கு அறுவை முடிந்தது, மற்றதும் ஆகி டாக்டர் சரி சொல்லும்வரை பறப்பதில்லை. விமானச் சாவியை அவரே கொண்டுவந்து மாவு டப்பா பக்கத்தில் மாட்டினார். கணினி முன்னால் ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்து பெட்டியில் இருக்கும் விமானத் தளப் பட்டியலையும் புதுப்பித்துவிட்டார், அந்தக் கல்லுளிமங்கன்.

இன்று காலை சமையலறை ஜன்னலோரம் வைத்து அதில் உன் ஊர் விமானத் தளத்தைப் போட்டார். வடமேற்கே இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தொரு மைல். எத்தனை நேரம் என்று காட்டுகிற இடத்தில் வெறும் கோடு. கெட்டுவிட்டதா என்று கேட்டேன். "நாம நகரலையே வெர்னா, நகந்தாத்தானே சொல்லும்" என்றார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, தொப்பிகூடப் போடாமல் பின்கதவைத் திறந்துகொண்டு போனார். பெட்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு பனிப்புல்லில் வடமேற்காக வேலிவரை நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஈரச் செருப்போடு திரும்பி வந்து, "நடந்தா முப்பத்தஞ்சு நாளாம்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

இதை எழுது என்று அவர் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். ஒன்றை மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை காலை நான் தேவாலயத்தில் இருப்பேன், போன் பக்கத்தில் அவர் மட்டும்தான் இருப்பார். அப்போது கூப்பிடு.

உன் அம்மா,
வெர்னா நோவோட்னி