சின்ன போட்டில் ஏறுவது

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. விரல்கள் மடங்கவே பத்து மணி ஆயிற்று. பேனாவில் துணி சுற்றிப் பிடித்து எழுதுகிறேன்.

புதன்கிழமை போர்ட் பிளேரில் மூட்டு டாக்டர். மெயின்லேண்டிலிருந்து வருகிறார். இவரை விட்டால் இனி எப்போதோ. புது ஊசி ஒன்று உண்டாம். வீக்கம் வடியலாம், நடை சரியாகலாம்.

பெரிய போட் ரிப்பேருக்குப் போய்விட்டது. அதில் லாரி ஏறும் பலகை உண்டு, நானும் நடந்தே ஏறுவேன். இப்போது எங்கள் பாம்பூஃப்ளாட்டிலிருந்து போர்ட் பிளேர் போகச் சின்ன போட் மட்டும். தண்ணீர் வற்றினால் அது ஜெட்டிக்குக் கீழே ஆழத்தில் நிற்கும். குதிக்க வேண்டும். போன வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது போட்டில் வேலை செய்யும் கலாசி என்னைத் தூக்கி இறக்கினார். டாப் மேலே ஏறி வயிறு தெரிந்தது. என்னோடு படித்த பூஜா, போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

இனி யாரும் என்னைத் தூக்கக் கூடாது.

ரோடு வழியாகச் சுற்றிப் போகலாம்தான். முன்பு ஜீப்பில் குலுங்கிப் போய், ஒரு வாரம் பாயை விட்டு எழவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அம்மா மீனை உலரப் போடுவதும் எடுப்பதுமாக.

இன்று கைக்கு முடிந்தவை: தலை சீவல் (பின்னல் இல்லை), வெங்காயம். முடியாதவை: குழாய், ஹூக், பிஸ்கட் பாக்கெட்.

பக்கத்து வீட்டு மேரி அக்கா, சுவருக்கு அப்பால்: "பதினாறு வயசுல கிழவிக்க சூக்கேடு. யாரு கெட்டுவா?" அம்மா பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

அப்பா கடலிலிருந்து வந்ததும் நல்ல செய்தி. "மக்ளே, நாளைக்குக் காலத்த நல்ல ஏத்து வெள்ளம். போட்டு ஜெட்டிக்கு மட்டமா நிக்கும். நீயே கால எடுத்து வச்சு ஏறலாம்."

"வரும்போ?"

"ரெண்டு மணிக்கு முன்ன திரும்பிருவோம். அதுக்குப் பொறவுதான் வத்தும்."

நீல டாப் எடுத்து வைத்தேன்.

ஜூன் 11, புதன்

ஏறினேன். நானே. அப்பாவின் தோளில் ஒரு கை மட்டும்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். பெஞ்சு இல்லை. எங்களைக் கடைசியில்தான் கூப்பிட்டார்கள். டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். "ஸ்கூல்?"

"சோட் தியா," விட்டுவிட்டேன் என்றேன், தரையைப் பார்த்து. ஒன்பதாம் வகுப்பு மாடியில் என்று சொல்லவில்லை.

ஊசி போடலாம் என்றார். முதல் ஊசி சனிக்கிழமை. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இங்கேயே வந்து. நிறுத்தவே கூடாது.

போர்ட் பிளேர் கரையில் உள்ள சாத்தம் ஜெட்டிக்குத் திரும்பும்போது நாலு மணி தாண்டிவிட்டது. போட் பாதாளத்தில். படிகளில் பாசி. கலாசி கையை நீட்டினார். "ஆ ஜா பேட்டீ, ஜல்தி!"

நான் அசையவில்லை.

"ஏட்டி, எல்லாரும் நிக்காவ," என்றார் அப்பா.

உள்ளேயிருந்து யாரோ: "அரே, ராணியைப் பல்லக்கில் கொண்டுவாங்கப்பா!" சிரிப்பு. போட் போய்விட்டது.

தண்ணீர் ஏறும்வரை ஜெட்டியில் உட்கார்ந்திருந்தோம். அடுத்தடுத்து போட்டுகள் போயின. கக்கூஸ் போக வேண்டியிருந்தது, சொல்லவில்லை. அப்பா திட்டவே இல்லை. கடலைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய தொழில் கூட்டாளி அந்தோணி மாமா வேறு ஆளை ஏற்றிக்கொண்டு வலைக்குப் போய்விட்டாராம்.

இருட்டிய பிறகு, தண்ணீர் ஏறியதும், நானே காலெடுத்து வைத்து ஏறினேன். நினைத்த அளவு சந்தோஷம் இல்லை.

ஜூன் 12, வியாழன்

முழங்கால் இரண்டும் பலாக்காய். நாள் முழுக்கப் பாயில். கூரையில் பல்லி.

அம்மா கஞ்சியை வைத்துவிட்டு: "ஒவ்வொரு ஊசிக்கும் வெள்ளம் ஏறட்டும்னு நீ இருந்தா உங்கப்பா எப்பம் கடலுக்குப் போவாரு? சனிக்கிழமை நாந்தான் வருவேன். என்னால உன்னத் தாங்க முடியாது, சொல்லிட்டேன்."

"அப்ப நான் போகல்ல."

"போகாத. இந்தப் பாயிலயே கெட."

வெளியே போய் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

ஜூன் 13, வெள்ளி

எதுவும் இல்லை. மழை.

ஜூன் 14, சனி

ஆஸ்பத்திரி வரிசையில் பின்னால் நிற்கக் கூடாதென்று நானும் அம்மாவும் முதல் போட்டுக்கே போனோம். வற்றம்தான். பூஜாவும் இருந்தாள், டியூஷன் பையோடு.

டாப்பைப் பேண்டோடு சேர்த்து ஊக்கு குத்தச் சொன்னேன். ஜெட்டியிலேயே, எல்லாரும் பார்க்க, அம்மா குனிந்து குத்தினாள். ஒன்று முன்னால், ஒன்று பின்னால்.

என்னைத் தூக்கச் சொல்லிக் கலாசியிடம் நானே கேட்டேன். "பையா, உட்டாயியே." என்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

பீடி வாசம். அவர் தோள் ஈரம். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. பூஜா நகர்ந்து இடம் விட்டாள். "பைட் நா," என்றாள். உட்கார்ந்தேன்.

ஊசி வயிற்றில். எறும்பு கடித்த மாதிரி. இன்னும் எதுவும் தெரியவில்லை.

அடுத்தது 28. அன்றைக்கு வெள்ளம் எப்படி என்று அப்பாவிடம் கேட்கவில்லை.