செல்லூர்க் கட்டையில் சுற்றிய பாட்டு

அன்புள்ள மாப்ள சுந்தரம்,

உன் சிங்கிள் ரெக்கார்டுகளை, அந்தச் சின்ன இசைத்தட்டுகளை, வாங்க ஆள் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு செல்லூர் வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறார்கள். உன் மகனுக்கு ராக் அண்ட் ரோலில் ஆசை இல்லை. உன் அப்பாவின் தறி உனக்குப் பிடித்ததா என்ன? உன்னைக் கட்டிய என் தங்கச்சி என்னிடம், "பொண்ணு குடுக்குற மாதிரி நல்ல எடமா விசாரிச்சுக் குடுங்கண்ணே" என்றது.

தல்லாகுளத்து வக்கீல் ஒருவர் தன் பிளேயரையும் தூக்கிக்கொண்டு வந்தார். தட்டின் விளிம்பை மட்டும் தொட்டு எடுத்தார். விவரமானவர்தான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். ஊர் திரும்பிய அமெரிக்கப் பாதிரியாரிடம் நீ வாங்கிய அந்தத் தட்டுகளின் நடுவில், கைக்குழந்தையின் வளையல் அளவுக்கு ஓட்டை இருக்கும். நம் பிளேயரின் நடுக்கம்பியோ பென்சில் பருமன். நீ உன் அப்பாவின் தறியிலிருந்து நூல் சுற்றும் பாபின் கட்டை உடைந்துபோன ஒன்றை அறுத்து, நடுவில் துளை போட்டு, ஓட்டைக்குள் பொருத்தினாய். துளை ஒரு நூல் தள்ளிப் போயிற்று. காம்பஸ் முனை நகர்ந்தால் வட்டம் என்ன ஆகும்? எல்லாப் பாட்டும் ஊஞ்சலில் உட்கார்ந்து பாடியதுபோல் வந்தது.

"அமெரிக்காக்காரன் குரல ஆட்டித்தான் பாடுவான் மச்சான், அதான் ஸ்டைலு" என்றாய். கணக்கு வாத்தியார் நானும் தலையாட்டினேன்.

வக்கீல் தன் பிளாஸ்டிக் வளையத்தைப் போட்டு ஓடவிட்டார். பாட்டு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக வந்தது. காபியோடு மாடியேறிய தங்கச்சி வாசலிலேயே நின்றுவிட்டது.

"இது யாருண்ணே பாடுறது?"

"அதே ஆளுதாம்மா."

"அவுக போட்டா ஆடி ஆடில்ல வரும்."

வக்கீல் உன் கட்டையைத் திருப்பிப் பார்த்தார். "தொளை தள்ளியிருக்கும்மா. இம்புட்டு வருசமும் தப்பாவே கேட்டிருக்கீங்க."

"நான் எங்க சார் கேட்டேன்? சத்தம் தாங்காம கதவச் சாத்திட்டுல்ல கெடந்தேன்."

அவர் சிரித்துக்கொண்டே உன் பழைய பிளேயரில், உன் கட்டையை வைத்து, அதே தட்டைப் போட்டார். குரல் ஆடியது. தங்கச்சி காபித் தட்டத்தைக் கீழே வைக்காமல் கடைசிவரை நின்று கேட்டது. காபி ஆறிப்போனது.

"எல்லாத்தையும் எடுத்துக்கங்க சார். அந்தக் கட்டைய மட்டும் வச்சிட்டுப் போங்க."

"கட்ட மட்டும் என்னம்மா பாடும்?" என்றார் வக்கீல். பிளேயரில் சுற்றி ஓய்ந்த தட்டை எடுக்காமல், மற்றவற்றை மட்டும் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

கதவைச் சாத்திக்கொண்டு இத்தனை காலமும் தங்கச்சி உள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்பது உனக்குத் தெரியுமா, மாப்ள?

பிளேயர் இப்போது கீழே, அடுப்படிப் பக்கத்தில் இருக்கிறது. முள்ளை எப்படி இறக்குவது என்று தங்கச்சிக்குக் காட்டிக் கொடுத்தேன். இன்னொரு கட்டையில் துளையைச் சரியாகப் போட்டுத் தரவா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கோணல் வட்டங்களைத் திருத்தியே பழகிய கை.

திருத்த மாட்டேன். வேறு யாரையும் தொடவும் விடமாட்டேன்.

உன் மச்சான்,
விளாங்குடி