கணுக்காலைப் பிடித்திருக்கும் சம்மனசு

அக்கா, நீ கொண்டுவந்த படத்தை மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டேன். கையில் இன்னும் காய்ந்த குருத்தோலை வாசனை அடிக்கிறது.

காலையிலேயே அண்ணன் நசரத்பேட்டையிலிருந்து வந்துவிட்டான், பழைய படங்களுக்கு மதிப்புப் போடுகிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு. "வெள்ளைக்காரன் ஆபீஸ்ல மாட்டியிருந்த படம், சும்மாவா? ஒரிஜினலா இருந்தா நான் எட்த்துகினு பூடுவேன். இல்லாங்காட்டி நீயே வெச்சிக்கோ" என்றான். நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் சாமான்களில் எனக்கென்று நான் கேட்டது இந்த ஒன்றைத்தான். அதுவும் அவன் கண்ணை உறுத்திவிட்டது. ஆண்டவரே, இது ஒரிஜினலாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நீ வேலை பார்த்த துணிக் கம்பெனியில் வெளிநாட்டுக்காரர் அறையைக் காலி செய்தபோது, வேண்டாமென்று ஒதுக்கிய படம். கேட்டு வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். வெள்ளைப் பாவாடை விரித்து பாலே ஆடும் பெண்கள். அம்மா கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு, வானதூதர்கள் என்று நினைத்து, "சம்மனசுங்க இன்னா அழகு!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். நாம் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அம்மா மனசு நோகக் கூடாதென்று மாதா படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினாய்.

ஓரத்துப் பெஞ்சில் ஒருத்தி கணுக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாளே, உனக்கு அவள்தான் செல்லம். நாளெல்லாம் செக்கிங் டேபிளில் நின்றபடி துணி பார்த்துவிட்டு வந்து, வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டே சொல்வாய்: "பார்றீ, சம்மனசுக்கும் கால் வலிக்குது."

மதிப்புப் போட வந்தவர் லென்ஸைப் படத்தில் அவள்மேல் வைத்தார். அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்.

"பிரிண்ட்தாங்க. எல்லாம் புள்ளி புள்ளியா கீது, பாருங்க."

எனக்கு உயிர் வந்தது. அதற்குள் பாவி மனுஷன் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். "ஆனா ஃபிரேம் நல்ல தேக்கு. இத்த வாங்க ஆள் கீது."

"அப்ப ஃபிரேமைக் கயட்டு சார்" என்றான் அண்ணன்.

"இன்னாண்ணே, சொன்ன பேச்சு இன்னாச்சு?" என்று கத்திவிட்டேன்.

"படத்தத்தானே உனுக்குன்னேன்!"

படத்தை அவனே குப்புறத் திருப்பினான். பின்பலகை இடுக்கிலிருந்து காய்ந்த குருத்தோலைச் சிலுவை ஒன்று தரையில் விழுந்தது. குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்த ஓலையைச் சாமி படங்களுக்குப் பின்னால் வருஷா வருஷம் புதிதாகச் செருகுவது நம் வீட்டு வழக்கம்தான். இதற்கும் நீ செருகியிருப்பாய் என்று எனக்கே தெரியாது. அம்மா போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. யாருக்காக அக்கா செருகினாய்?

அண்ணன் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பழக்கதோஷம். அப்புறம் அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா இத்த சாமி படமாவா வெச்சிகினு இருந்துச்சு?"

"சம்மனசுண்ணே" என்றேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

"மந்திரிச்ச ஓலை வெச்சத எப்புட்றி கயட்றது?" என்று முனகியபடி ஓலையை என் கையில் கொடுத்தான். மதிப்புப் போட வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. இருவரும் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள்.

ஓலையை இருந்த இடத்திலேயே செருகி மாட்டிவிட்டு, இப்போதுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கை தானாகக் கணுக்காலுக்குப் போகிறது. உன்னிடம் சொல்லவே இல்லையே, கம்பெனியில் நீ நின்ற அதே செக்கிங் டேபிளில்தான் இப்போது என்னை நிற்க வைத்திருக்கிறார்கள். வலிக்கிறது, அக்கா.