கொழுந்தனின் கோட்டு

சியாயா

கிறிஸ்துவுக்குள் என் உடன் ஊழியக்காரியும், வேதாகமக் கல்லூரியில் என் பாதிப் போர்வையைப் பிடுங்கிக்கொண்டவளுமான நஃபூலாவுக்கு, அக்கேயோ எழுதுவது. லோட்வார் வெயிலில் நீயும் உன் சபையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

இனி எனக்குப் போன் செய்யாதே. என் போன் மாமியாரின் இடுப்பில் இருக்கிறது. மீன் விற்கும் அபோண்டி அந்தப் பக்கம் வருகிறாள், அவளிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் கணவர் ஓவினோவை அடக்கம் செய்த பிறகு பிஷப் வந்தார். இத்தனை வருஷம் இங்கே பிரசங்கித்தது நான், கிடார் வாசித்தது ஓவினோ என்பது அவருக்கும் தெரியும். உகாலிக் களியும் கோழியும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, "தலையில்லாத பொம்பள பீடத்துல நிக்கக் கூடாதும்மா. ஈஸ்டருக்குள்ள கொழுந்தனக் கட்டிக்க, இல்லன்னா சபைச் சாவியக் குடுத்துரு" என்றார். என் கழுத்துக்கு மேலே இருப்பது என்ன என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

கொழுந்தன் ஒதோங்கோவுக்குச் சங்கீதம் எது, நீதிமொழிகள் எது என்றே தெரியாது. விதவை வீட்டில் ஒருவன் தன் கோட்டைக் கொண்டுவந்து மாட்டினால் அவள் அவனுக்குத்தான் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். போன ஞாயிறு ஆராதனைக்குப் போனால், அவன் கோட்டு என் பிரசங்க பீடத்தின் மேலேயே கிடந்தது!

"யாரோடது இது? எடுத்துக்கங்க" என்றேன். ஒருவரும் அசையவில்லை. "இருக்கட்டும் அண்ணி, குளிருக்கு ஆகும்" என்றான் ஒதோங்கோ. ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. ஆனாலும் அதன் பக்கத்தில் நின்றே பிரசங்கித்து முடித்தேன்.

வெளியே அபோண்டி காத்திருந்தாள். அவளும் விதவை. "எங்க வீட்ல மாட்டுன கோட்டத் தெருவுல தூக்கிப் போட்டது நீங்கதான பாஸ்டரம்மா? இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

சபை நிற்பது மாமனார் நிலத்தில், நஃபூலா. நான் அந்தக் கோட்டை எறிந்தால் மறுநாளே தகரக் கூரையைப் பிரிப்பார்கள், என்னையும் பிள்ளைகளையும் வெளியே தள்ளுவார்கள். எறியாவிட்டால், என்னை நம்பிக் கொழுந்தன்களிடம் மாட்டேன் என்று சொன்ன அத்தனை விதவைகளின் வீட்டிலும் திரும்பக் கோட்டுகள் ஏறும். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவிக்கிறேன்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தம். கர்த்தர் உன் கூரையைக் காக்கட்டும். எனக்குப் பொறுமை தரும்படி மட்டும் ஜெபிக்காதே. மாமியார், பிஷப், ஒதோங்கோ எல்லோரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீயாவது எனக்காகக் கர்த்தரிடம் கொஞ்சம் கோபம் கேள்.

உன்
அக்கேயோ