குனிந்து நடந்த தூரம்

மார்ச் 4, திங்கள்

சாக்கடைப் பிரிவுக்கு வந்து ஆறு வருடம். இப்படி ஒரு வேலை வந்ததில்லை. குழாய்க்குத் தோண்டிய தெருமுனையில் போர்க்காலச் சுரங்கம் ஒன்று வாயைத் திறந்துகொண்டது. குண்டு விழுந்த நாட்களில் ஜனங்கள் பதுங்கிய இடமாம். வரைபடம் யாரிடமும் இல்லை. நாளை நானும் மேஸ்திரியும் இறங்கி, எதுவரை போகிறது, எங்கே பலவீனம் என்று எழுதித் தர வேண்டும்.

அந்த வரிசையில்தான் அக்கா வீடு. கீழ்த்தளம் முழுக்க அவள் நடத்தும் குழந்தைகள் காப்பகம். அதற்குள் போன்: "என் வீட்டுக்குக் கீழயா போகுது? பெத்தவங்க எல்லாம் கேட்டுத் தொலைக்கிறாங்கடி." பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 5, செவ்வாய்

உயிரோடு எழுதுகிறேன். அதுவே பெரிய விஷயம்.

சுரங்கம் வளையாமல் வீடுகளுக்கு அடியிலேயே போகிறது. கூரை என் தோள் உயரம். உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை குனிந்த முதுகு நிமிரவில்லை. கணுக்கால் தண்ணீர். ஓரமாகத் துருப்பிடித்த பெஞ்சுகள். சுவரில் யாரோ கரியால் 'இருமாதே' என்று எழுதியிருந்தார்கள்; படித்ததுமே எனக்கு இருமல் வந்து தொலைத்தது. அளக்கும் டேப் சேற்றில் சிக்கி அறுந்தது. திரும்பிப் போய் வேறு எடுத்து வர எனக்குப் பொறுமை இல்லை. காலடியை எண்ணிக்கொண்டே நடந்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது அடியில் கூரை இல்லை. மண் குவிந்து கிடந்தது. மேலே டார்ச் அடித்தால் கிணறு மாதிரிக் குழி, ஈரமண் பொலபொலவென்று உதிர்கிறது. அதற்கும் மேலே தடதடவென்று சத்தம்.

"மரக்கடையில லோடு இறக்குறாங்க போல, மேடம்," என்றார் மேஸ்திரி. அடுத்த நொடி ஒரு கட்டி என் காலருகே விழுந்தது. "நின்னு வேடிக்கை பாக்காதீங்க, ஓடுங்க!" என்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

மேலே வந்து தெருவில் அதே இருநூற்றுப் பன்னிரண்டு அடி நடந்தேன். மரக்கடை வாசல். அக்கா வீடு தாண்டி மூன்று வீடு தள்ளி. அப்பாடா! அவளிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்: "உன் வீட்டுக்கு அடியில கூரை கல்லு மாதிரி இருக்கு. நிம்மதியா தூங்கு." சத்தியம் பண்ணாத குறை.

மார்ச் 6, புதன்

வாசலில் லோடு இறக்கக் கூடாது என்று மரக்கடைக்காரரிடம் நோட்டீஸ் கொடுத்தேன். வள்ளென்று விழுந்தார். "லோடா? ஒரு வாரமா கடையே பூட்டிக் கெடக்கு!"

அப்படியானால் நேற்று கேட்ட சத்தம்?

சாயங்காலம் கட்டிலுக்கு அடியில் உருண்டு போன மாத்திரையைத் தேடிக் குனிந்தபடி இரண்டடி வைத்தேன். அப்படியே நின்றுவிட்டேன். குனிந்தால் காலடி சின்னதாகிறது.

கூடத்தில் பத்துக் காலடி நிமிர்ந்து நடந்து அளந்தேன்: ஆறரை மீட்டர். குனிந்து பத்துக் காலடி: ஐந்து. இருநூற்றுப் பன்னிரண்டுக்குக் கணக்குப் போட்டால், சுரங்கத்தில் நடந்த தூரம் முப்பது மீட்டருக்கு மேல் குறைகிறது. மூன்று வீடு.

ஐயோ. தடதடவென்று குதித்தது குழந்தைகள்.

இப்பவே சொல்லணும். ஆனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? நேத்துதானே தூங்குன்னு சொன்னேன்? அவள் என் பேச்சை நம்பி எல்லாப் பெற்றோருக்கும் போன் செய்துவிட்டாள். என் வேலையும் போகும். ஒருவேளை கூடத்தில் அளந்தது தப்போ? நாளை சரியாகப் பார்த்துவிட்டு —

மார்ச் 7, வியாழன்

தலைவலி. வேலைக்குப் போகவில்லை. அக்கா இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மார்ச் 8, வெள்ளி

காலையில் தெருமுனையிலிருந்து முதுகை வளைத்து, எண்ணிக்கொண்டே நடந்தேன். டீக்கடையில் சிரித்தார்கள். "மேடம் எதையோ தொலைச்சுட்டாங்க!" இருநூற்றுப் பன்னிரண்டில் தலையை நிமிர்த்தினேன். அக்கா வீட்டு வாசல்.

"புள்ளைங்கள வெளிய கொண்டு வா! கேள்வி கேக்காத!" என்று கத்தினேன்.

அவள் முகம் வெளிறிப்போனது. "அன்னைக்கு இல்லன்னு சொன்னியேடி!" அவ்வளவுதான். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக எதிர்வீட்டுக்கு ஓடினாள். நானும் தூக்கினேன்.

மத்தியானம் மேஸ்திரி ஓரமாகப் படுத்தபடி தரையில் துளை போட்டார். ஒரு சாண்தான் இறங்கியது. அதற்குக் கீழே வெற்றிடம். குழந்தைகள் பாய் போட்டுத் தூங்கும் இடம் அது.

ஏப்ரல் 20, சனி

குழியைக் கான்கிரீட் ஊற்றி அடைத்தாகிவிட்டது. திங்கள் முதல் காப்பகம் மறுபடி திறக்கிறது. அக்கா பெற்றோர்களைக் கூப்பிட்டிருந்தாள். எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டுச் சொன்னாள்: "தெரிஞ்ச நிமிஷமே ஓடி வந்துட்டா என் தங்கச்சி. வேற யாரா இருந்தாலும் மூடி மறைச்சிருப்பாங்க." ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

எல்லாரும் போன பிறகு சொல்லிவிட்டேன். "அக்கா, எனக்குப் புதன்கிழமையே தெரியும்."

குழந்தைகளின் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. கையில் இருந்ததை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"அந்த வியாழக்கிழமை பத்தொன்பது புள்ளைங்களும் வந்திருந்தாங்க," என்றாள். "ஒருத்தர்கூட லீவு இல்ல."