இரண்டு கொடிக்கு ஓர் அரையன்

தஞ்சோங் பகார்
7 அக்டோபர் 2024

என் மதிக்கு,

கைப்பேசியில் என்னைத் தடுத்துவைத்திருக்கிறாய். தபால்காரரையும் தடுத்துவிடாதே, தாயே.

உனக்காக நான் எழுதும் நாடகத்தின் கடைசிக் காட்சி இன்னும் வரவில்லை என்று கோபமாக இருப்பாய். கொற்றங்குடிச் சிற்றரசன் அரையனுக்குச் சோழன் நிலம் கொடுத்தான், பாண்டியன் பெண் கொடுத்தான். இப்போது இருவருமே போருக்கு அழைக்கிறார்கள். அவன் எந்தப் பக்கம் போவான்? எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எனக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்து, மருமகனாகவும் ஆக்கிக்கொண்டவர் உன் அப்பா. அவரோடு சண்டை போட்டு நீ தனிக்குழு ஆரம்பித்ததிலிருந்து, உன் பெயரை எடுத்தாலே மாமா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உன் மேடையில் ஏறினால் வீட்டுக்குள் கால் வைக்காதே என்கிறார். பக்கவாதம் வந்த மனிதரை விட்டு எப்படி வருவேன்? உன்னை விட்டும் எப்படி இருப்பேன்?

உன் பாலா


புக்கிட் பாத்தோக்
11 அக்டோபர்

பாலகிருஷ்ணன் அவர்களுக்கு,

நலம். அப்பா ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறாரா?

19ஆம் தேதி சனிக்கிழமை லிட்டில் இந்தியாவில் நாடகம். அரையனாக நடிக்க உங்களை விட்டால் ஆளில்லை. வருவீர்களா, மாட்டீர்களா? இரண்டு பக்கமும் தலையாட்டினால் நமக்குள் இத்தோடு சரி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பா என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட விசாரிப்பதில்லையா?

சந்திரமதி


தஞ்சோங் பகார்
14 அக்டோபர்

மதி,

‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். கல்யாணத்துக்கு வந்தவர்கள் முன்னால்கூட என்னை நீ என்றுதானே கூப்பிட்டாய்? படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

வருகிறேன், சத்தியமாக வருகிறேன். தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போவதாக மாமாவிடம் சொல்லிக்கொள்கிறேன். காட்சியும் எழுதிவிட்டேன். இரண்டு சேனைக்கும் நடுவில் நின்று, இரண்டு அரசருக்கும் வணக்கம் சொல்லி, அரையன் தன் வாளிலேயே விழுகிறான். என் கதியும் அதுதான். கைவிட்டுவிடாதே.

மாமா உன்னை விசாரிப்பதில்லை, மதி. நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பாலா


புக்கிட் பாத்தோக்
20 அக்டோபர்

பாலகிருஷ்ணன் அவர்களுக்கு,

வீட்டில் அப்பாவைக் காணாமல் பதறியிருப்பீர்கள். என்னோடுதான் இருக்கிறார்.

நேற்று நன்றாக நடித்தீர்கள். அரையன் செத்தபோது நானும் அழுதேன். அந்த மனசோடுதான், திட்டினால் திட்டட்டும் என்று இன்று காலை அப்பாவைப் பார்க்க வந்தேன். நீங்கள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா விடவேயில்லை.

“எத்தனை தடவ சொல்லியனுப்பினேன், மதி. உன் நாடகத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போன்னேன். நீதான் என் முகத்துல முழிக்க மாட்டேன்னுட்டியாம் லா.”

நான் அப்படிச் சொன்னதே இல்லை. என் மேடையில் ஏறாதே என்று அவரும் உங்களிடம் சொன்னதில்லையாம். உங்கள் வாயை நம்பி, அப்பாவும் பெண்ணும் இரண்டு வருஷம் வீம்பாக இருந்திருக்கிறோம். சோழனும் பாண்டியனும் நேரில் பேசிக்கொண்டால் அரையனுக்கு என்ன வேலை என்று பயந்துவிட்டீர்கள், இல்லையா? நாங்கள் சேர்ந்திருந்தாலும் உங்களுக்கு இடம் இருந்திருக்கும். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இப்போது அப்பா கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என் நாடகத்தில் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் பதிலுக்குச் சண்டை போடுகிறேன். எங்களுக்கு நடுவில் இனி ஆள் தேவையில்லை.

சந்திரமதி