இட்லிப் பானை மூடி

உன் வீட்டு இட்லிப் பானை மூடி இன்னும் என் வாளியின் மேல்தான் கிடக்கிறது. இன்று காலை துவைக்கிற கல்லில் வைத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். கை நழுவி அது கணீரென்று விழுந்ததும், வாசலில் படுத்திருந்த ராஜூ எழுந்து கொல்லைக்கு ஓடிவந்தான். என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் பார்த்தான். கேட் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, வாலைத் தொங்கப் போட்டுத் திரும்பி வந்தான். அந்தச் சத்தம் கேட்டால் நீ வந்துவிட்டாய் என்றுதான் அவனுக்கு இன்னும் நினைப்பு. எனக்கும்தான்.

பள்ளிபாளையத்தில் ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து வீடு. நீ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாய், நான் வெள்ளிக்கிழமை மாரியம்மன் படத்துக்கு அரளி மாலை போடுவேன். நடுவில் ஒரு குட்டைச் சுவர், அதையும் மதிக்காத உன் நாய். என் வீட்டுக்காரர் பேரும் ராஜூதான் என்று தெரிந்தேதான் அவனுக்கு அந்தப் பேர் வைத்தாய் நீ. "ராஜூ, சோறு!" என்று நீ கூப்பிட்டால் இந்தப் பக்கம் இவரும் எட்டிப் பார்ப்பார். "ஏனம்மிணி, ரெண்டுல எது சொன்ன பேச்சு கேக்குது?" என்பாய். பதில் உனக்கே தெரியும்.

சாமிக்குப் போட்ட பூவைக் கால்படுகிற இடத்தில் எறியக்கூடாது என்பது எங்கள் வழக்கம். புது மாலை போட்டதும் பழைய மாலையைக் கழற்றி வாளித் தண்ணீரில் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை இவர் கொண்டுபோய்க் காவிரியில் விடுவார். அதுவரை அந்த வாளி குழாயடியில் திறந்தே கிடக்கும். மனுஷர் கால் படக்கூடாதென்று அவ்வளவு யோசித்த எனக்கு, நாய் வாய் படும் என்று தோன்றவில்லை பார்.

அந்தச் சித்திரை வெயிலில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நீ அலறினாய். ராஜூ வாந்தியெடுத்து, எச்சில் ஒழுக, நிற்க முடியாமல் சரிந்து கிடந்தான். ஓடிவரும்போதே என் வாளி கண்ணில் பட்டது. தண்ணீர் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது, மாலை வெளியே இழுபட்டுக் கிடந்தது. அரளி விஷம் என்று நம் பக்கம் யாருக்குத் தெரியாது? வாளியையும் மாலையையும் உள்ளே தூக்கி வைத்துவிட்டுத்தான் உன்னிடம் வந்தேன். ஆமாம், முதலில் அதைத்தான் ஒளித்தேன்.

ஆட்டோவில் பாலத்தைத் தாண்டி ஈரோட்டுக்குப் போனோம். அவன் தலை உன் மடியில், கால் என் மடியில். மோர் கீர் ஊற்றலாமா என்றேன். "ஒண்ணும் ஊத்தாத, டாக்டர் பாக்கட்டும்" என்றாய். கால்நடை டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "துடிப்பு தாறுமாறா இருக்குது. ஊட்டுல அரளி இருக்குதுங்களா?"

"எங்கூட்டுல இல்லீங்க" என்று நீ அழுதாய்.

நான் வாயைத் திறந்தேன். "கோயில் பக்கம் கெடந்த மாலையத் தின்னிருக்குமுங்க டாக்டர். அரளின்னே வெச்சு வைத்தியம் பாருங்க."

அவன் உயிருக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டேன். என் மானத்துக்கு வேண்டியதை மறைத்துக்கொண்டேன். நீ என்னை ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தாய். மூன்றாம் நாள் ராஜூ எழுந்து நின்றபோது உன்னைவிட நான்தான் அதிகமாக அழுதேன். நீ ஏனென்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், நாய்க்கு ஆகாதென்று உன் வாசல் கற்றாழைத் தொட்டியை மாடிக்கு ஏற்றினாய். சுவரோரம் தானாக முளைத்திருந்த ஆமணக்கைப் பிடுங்கினாய். அடுத்த வெள்ளிக்கிழமை கையில் இட்லிப் பானை மூடியோடு வந்தாய். என் வாளிமேல் வைத்துப் பார்த்தாய், அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. "ஞாயித்துக்கெழம வரைக்கும் எதுக்கு வெக்கோணும்? பூவை எங்கிட்டக் குடு, ஆத்துப் பக்கம் நடக்கப் போறப்ப உட்டுட்டு வாரேன்." கழுத்தில் சிலுவைச் செயினும் கையில் மாரியம்மன் பூவுமாக நீ போவதைத் தெருவே பார்த்தது. அதன் பிறகு உன் வீட்டில் தாம்பாளத்தைக் கவிழ்த்துத்தான் இட்லி வெந்தது. அதைப் பார்த்து நான் சிரித்தேனே, என்ன ஜென்மமடி நான்!

எத்தனை வெள்ளிக்கிழமை! ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நீ மூடியைத் தூக்கி வைத்துவிட்டு வேறு பேச்சை எடுப்பாய்.

போன ஐப்பசியில் ஆஸ்பத்திரிக்குப் போன நீ வீட்டுக்கு நடந்து வரவில்லை. சர்ச்சில் உனக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து ஊருக்குக் கிளம்பிய உன் மகள், ராஜூவின் சங்கிலியை என் கையில் கொடுத்தாள்.

"இவன உங்ககிட்டத்தான் உடோணும்னு அம்மா சொல்லுச்சுங்க ஆன்ட்டி. 'அந்த வாளிய மட்டும் மூடி வெக்கச் சொல்லு, மத்தபடி அவளாட்டம் பாத்துக்க ஆளில்லை'ன்னு சொல்லுச்சு."

அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது என் அம்மனுக்கு மல்லிகைதான். ஆனாலும் வாளியை மூடாமல் விடுவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூவை எடுத்துக்கொண்டு நானும் ராஜூவும் ஆற்றுக்குப் போகிறோம். நேற்று பூவை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து அவனிடம் சொன்னேன்: "கோயில் மாலை இல்லடா அது, என்னோடதுதான்." அவன் வாலை ஆட்டி என் கையை நக்கினான்.

அவன் மன்னித்துவிட்டான். நீயும் எப்போதோ மன்னித்துவிட்டாய். ஆனாலும் ஒரே ஒரு தரம் என்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாமடி நீ.